கடலின் பழைய சாப்பாட்டுக் கணக்கு

கேள்வி: சில பத்தாண்டுகளுக்கு முன் கடலில் எவ்வளவு ஊட்டச்சத்து இருந்தது என்று பல இடங்களில் யாருமே அளந்து வைக்கவில்லை. பிறகு எப்படி விஞ்ஞானிகள் இன்று கணக்குச் சொல்கிறார்கள்?

பதில்: மனிதர்கள் அளக்கவில்லை, பவளம் எழுதி வைத்திருக்கிறது! பாறைபோல் திரளும் பல பவளங்கள் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அதை நெடுக்கே அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் ஆண்டு வரிகள் தெரியும்.

அந்த வரிகளில் ஊட்டச்சத்தைக் காட்டிக்கொடுப்பது காட்மியம் என்ற உலோகம். காட்மியமும், சுண்ணாம்புக் கூட்டில் உள்ள கால்சியமும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே மின்னூட்டம். அதனால் கால்சியத்துக்குரிய இருக்கையில் காட்மியம் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்கிறது. கடலின் நுண்பாசிகள் மேல்மட்ட நீரில் பாஸ்பேட் என்ற ஊட்டச்சத்தோடு காட்மியத்தையும் உறிஞ்சுகின்றன. அவை செத்து மூழ்கி அழுகும்போது இரண்டும் ஆழத்தில் சேர்கின்றன. ஆகவே ஆழ்நீர் மேலே பொங்கும் காலத்தில் பவளத்தில் காட்மியம் கூடும்.

கலாபகோஸ் தீவுகள் இதற்கு அருமையான களம். எல் நினோ என்ற கடல் வெப்பமாதல் வந்தால் அங்கே சத்துள்ள குளிர்நீர் மேலே வருவது குறையும். மீனுக்கும் கடற்பறவைக்கும் பட்டினி. ஷென், பாயில், லீ ஆகிய விஞ்ஞானிகள் 1987-இல், அங்கிருந்த பவளத்தின் காட்மியத்தில் இந்த ஏற்ற இறக்கம் பதிந்திருப்பதைக் காட்டினார்கள்.

வேலை லேசானதல்ல. நூறு கோடி கால்சியம் அணுக்களுக்குச் சில காட்மியம் அணுக்கள்தான்! பவளத்தூளை அமிலத்திலும் வேறு கரைசல்களிலும் மாறி மாறிக் கழுவி, ஒட்டிய அழுக்கை நீக்கிய பிறகே அளக்க வேண்டும்.

காட்மியத்தை விட்டு, பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸையே நேராக அளக்கலாமே? அளக்கிறார்கள். பனாமா வளைகுடாப் பவளங்களில் லேசர் கொண்டு முயன்றிருக்கிறார்கள். ஆனால் பவளத்தின் உடல் திசுவிலும் பாஸ்பரஸ் உண்டு. கடல் தந்தது எது, உடல் தந்தது எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.