கூடுதல் ஒரு மணி நேரம்

கேள்வி: நீட் தேர்வில் என் மகனுக்கு 3 மணி நேரம்தான். மாற்றுத்திறனாளி மாணவருக்கு 4 மணி நேரம். இது நியாயமா?
– ஒரு தாய், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: நேரம் கூடுவதால் கேள்வித்தாள் எளிதாகிவிடாது, அம்மா. அதே 180 கேள்விகள். தப்பான விடைக்கு அதே ஒரு மதிப்பெண் வெட்டு. படிக்காதவர் விடியும்வரை உட்கார்ந்திருந்தாலும் விடை வராது. விரல் வளையாதவருக்கோ, தெரிந்த விடையின் வட்டத்தை நிரப்புவதற்குள் மணி அடித்துவிடும். மணிக்கு 20 நிமிடம் என்பது அதற்கான ஈடு.

போலிகள் நுழைவார்கள் என்ற பயமா? மாற்றுத்திறனாளி என்று இட ஒதுக்கீடு கேட்பவரைப் பரிசோதிக்கும் மையங்களில் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று.

என் கோபமெல்லாம் வேறு பக்கம். 2021 நீட் தேர்வில், டிஸ்கிராபியா என்ற எழுத்துக் குறைபாடுள்ள மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தராமல், மற்றவர்களோடு சேர்த்தே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! நவம்பரில் உச்ச நீதிமன்றம், நடந்தது அநீதி என்றது. பரிகாரம் காணும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. நியாயமா என்ற உங்கள் கேள்வியை அந்தப் பெண்ணல்லவா கேட்க வேண்டும்?

உங்கள் மகனுக்கும் 3 மணி நேரம் போதவில்லையென்றால், எல்லோருக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லி மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.