நாடி தளர ஓடுதல்: கொடைக்கானல் ஏரிக்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

வேகமாக ஓட விரும்புகிறவர் மெதுவாக ஓடக் கடவர் என்பது ஃபில் மாஃபெட்டோன் என்னும் அமெரிக்கரின் கொள்கை. 180இலிருந்து வயதைக் கழி. மிஞ்சும் எண்ணைத் தாண்டி நெஞ்சு துடிக்க விடாதே. 45 வயதினருக்கு 135. கடும் நோயிலிருந்து தேறுபவர் இன்னும் 10 கழிக்க. அடிக்கடி சளி பிடிப்பவர் 5 கழிக்க. ஈராண்டுக்கு மேல் இடறின்றிப் பயின்று முன்னேறியவர் 5 கூட்டுக. மாதக்கணக்கில் இவ்வாறு ஓடினால் தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். உடம்பு கொழுப்பை எரித்தே நெடுந்தூரம் போகப் பழகும். அதே 135இல் வேகம் தானாகக் கூடும். ஹவாய் அயர்ன்மேன் போட்டியை 6 முறை வென்ற மார்க் ஆலன் இதற்குச் சான்று. 155ஐத் தாண்டாதே என்றதும் அவரும் முதலில் ஊர்ந்தவரே.

சூத்திரத்தில் வயது உண்டு, சளி உண்டு, மலை இல்லை. அக்குறையை நிரப்பவே இவ்வாய்வு. களம்: 1863இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரியைச் சுற்றிய சுமார் 5 கிலோமீட்டர் சாலை. ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர். அவர் இதை எழுதுகிறவர்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கீழே கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வத்தலகுண்டில் 135க்கு ஓட்டமாக இருந்தது, மலையேறிய முதல் சில நாட்களில் அதே 135க்கு நடையாகிவிடுகிறது. போதாததற்குக் குளிர். தோலில் ரத்தவோட்டம் சுருங்குவதால் மணிக்கட்டுக் கடிகாரம் நாடியைத் தொலைத்துவிட்டு, காலடிகளை எண்ணி 168 என்று காட்டும். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு பாய்வதை 1909இல் இதே ஊரிலிருந்து எவர்ஷெட் கண்டு சொல்லிவிட்டார். ஸ்வெட்டர் கைக்குள் இருக்கும் மணிக்கட்டுதான் பிடிபடவில்லை.

ஆயினும் ஆக்சிஜனும் குளிரும் சிறு காரணங்களே. தலையாய காரணம் மானம். வாடகை சைக்கிளில் இருவராகப் போகும் புதுமணத் தம்பதி முந்துவது பொறுக்கத் தக்கது. மஃப்ளரும் குல்லாவுமாக நடக்கும் பெரியவர் முந்துவது அத்தன்மைத்தன்று. குதிரைக்காரர் ஒருவர் சற்று நேரம் கூடவே வந்து கேட்டார்:

“என்ன சார், கால்ல அடியா?”

“இல்லண்ணே, மெதுவா ஓடுறேன்.”

“அப்ப குதிரைல ஏறிக்கங்க சார். இதைவிட வெரசாப் போகும், பாத்துக் குடுங்க.”

இவ்வுரையாடலின்போது பாதவேகம் மாறவில்லை. துடிப்போ மளமளவென ஏறிற்று. எனவே சூத்திரத்தைத் திருத்துதல் வேண்டும்: 180இலிருந்து வயதையும் வேடிக்கை பார்ப்போர் எண்ணிக்கையையும் கழிக்க. மே மாத சீசனில் ஞாயிற்றுக்கிழமை மாலை விடை பூஜ்யத்துக்கும் கீழே போவதால், அன்று ஓடுதல் கூடாது. மிளகாய் பஜ்ஜி உண்ணலாம்.

இம்முறைக்கு மேனாட்டார் உரிமை கோருவதும் ஆராயத் தக்கது. மலையின் வடக்கு அடிவாரத்தைப் பாருங்கள். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து வரும் நகரத்தார், நாள்கணக்கில் நடந்தும் மூச்சிரைப்பதில்லை. பேசிக்கொண்டே போக முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் அதிகம் என்று பயிற்சியாளர்கள் இன்று சொல்லும் சோதனை அவர்களிடம் வேறு பெயரில் உண்டு: அரோகரா. இழுத்து முழங்க முடிகிறவரை எல்லைக்குள். ‘அரோ’வில் நின்றால் நிழல் தேடி உட்கார வேண்டியதுதான். கழுகுமலைக்குக் காவடி கொண்டுபோன ஊற்றுமலை ஜமீன்தாருக்காக அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து பெரிதும் இலக்கியமாகவே ஆராயப்பட்டிருக்கிறது. பாடிக்கொண்டே நடக்கிறவன் தன் தாளத்தைத் தாண்டி நடக்க முடியாது என்பதால், அதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்றே இவ்வாய்வு கொள்ளும்.

பழனிக் கோயிலின் 693 படிகள் துடிப்பைக் கண்டபடி ஏற்றும் என்பது மறுப்பு. உண்மை. அதனால்தான் பக்கத்திலேயே யானைப் பாதை இருக்கிறது. யானையின் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 30. அதற்கேற்ற சரிவில் ஏறுபவருக்குக் கடிகாரம் எதற்கு? விஞ்சில் ஏறுவோர் இவ்வாய்வின் வரம்புக்குள் வாரார். ஆனாலும் கார்த்திகை நாளில் அந்த வரிசையில் நின்று, குறுக்கே புகுந்தவரை ஏறிட்டுப் பார்ப்பவரின் நாடியை யாராவது அளந்தால் தனிக் கட்டுரைக்கு ஆகும்.