வானத்தில் ஒட்டிய நூல்: பெரியகல்லாற்று நோக்கில் ஸ்பைடர்மேன் பற்றிய ஓர் ஆய்வு

ஸ்பைடர்மேன் விடும் நூலின் ஒரு முனை அவன் கையில் இருக்கிறது. மறுமுனை எதில் ஒட்டியிருக்கிறது? தொல்காப்பியரின் காலத்துக்காகக் கைகலப்பு வரை போன தமிழாய்வுலகம் இந்தக் கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாற்றிலிருந்து அக்குறை இப்போது தீர்க்கப்படுகிறது. முதல் ஆய்வு என்பதால் மேற்கோள் காட்ட ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. ஆய்வாளனுக்கு இதைவிடச் சுகம் வேறேது?

எல்லையை முதலில் வரையறுப்போம், ஏனெனில் ஸ்பைடர்மேன்கள் பலர். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் மார்வெல் சித்திரக்கதையில் பெற்றெடுத்தவன் மூத்தவன். பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்கள் அவனுடைய பேரப்பிள்ளைகள். நம் ஆய்வுக்குரியவன் 1967 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 1970 வரை 52 பகுதிகள் ஓடிய கார்ட்டூன்காரன். மற்றவர்கள் கட்டடத்தில் நூலை ஒட்டித் தொங்குவார்கள். அதில் ஆராய ஒன்றுமில்லை. இவனோ நியூயோர்க்கின் ஆக உயர்ந்த மாடிகளுக்கும் மேலே, வெறும் ஆகாயத்தில் ஊஞ்சலாடிப் போவான். நூல் நேரே மேலே ஏறித் திரையின் விளிம்பில் மறைந்துவிடும். அந்த விளிம்புக்கு அப்பால் இருப்பதுதான் நம் பிரச்சினை.

களத்துக்கு வருவோம். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் கூரை வரைக்கும் 381 மீற்றர். கல்லாற்றில் நல்ல தென்னை ஒன்று 25 மீற்றரைத் தொட்டால் பெரிய விஷயம். அடுத்த நிலையில் கோயில், தேவாலயம், அதற்கும் கீழே ரீவி அன்ரனா கட்டிய கமுகஞ் சிலாகை. தென்னோலையில் நூலை ஒட்டி ஒருவன் பாய்ந்தால் மட்டை கழன்று அவனும் குரும்பட்டியும் ஒன்றாகத்தான் நிலத்துக்கு வருவார்கள். இதற்குப் பரிசோதனை தேவையில்லை, தேங்காய் பறிக்கிறவரைக் கேட்டால் போதும். ஆகவே கட்டடத்தை நம்பித் தொழில் செய்யும் எந்த ஸ்பைடர்மேனும் எங்கள் ஊரில் பிழைக்க முடியாது. வானத்தில் ஒட்டுகிறவனால் மட்டுமே முடியும். எங்கள் பிள்ளைகள் இவனைத் தங்களவனாக எடுத்துக்கொண்டதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

மூலபாடம் எங்களுக்குக் கசெட்டில் கிடைத்தது. மத்திய கிழக்கில் உழைத்துவிட்டு வந்தவர்கள் ரீவியும் டெக்கும் கொண்டுவந்த காலம் அது. கரண்ட் இருக்கும் நேரத்தில், ஒரு வீட்டு விறாந்தையில், மூன்று வீட்டுப் பிள்ளைகள். கசெட் பல கை மாறித் தேய்ந்த கொப்பி. அதனால் திரையில் ஓடிய வெள்ளைக் கோடுகளையும் அவன் விட்ட நூல் என்றே கொண்டாடிய ஒரு கூட்டம் இருந்தது. சுவடியில் பூச்சி அரித்த துளையைப் புள்ளியென்று வாசித்த பதிப்பாசிரியர்களுக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்லர்.

மொழி ஆங்கிலம். எனவே உரையாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட அண்ணா ஏற்றார். அவருடைய உரை மூலத்தைவிட நீளம். விளங்கிய இடத்தில் சுருக்கமாகவும், விளங்காத இடத்தில் மிக விரிவாகவும் உரை செய்வது அவர் மரபு. நம் பழைய உரைகாரர் சிலரிடமும் இம்மரபு உண்டு. பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன் கத்தும் கட்டங்களுக்கு மட்டும் உரை தேவைப்படவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் கத்துவது எல்லாருக்கும் விளங்கும்.

நூல் ஒட்டும் இடம் பற்றி அந்த விறாந்தையில் இரண்டு கொள்கைகள் எழுந்தன. மேகத்தில் ஒட்டுகிறது என்பது ஒன்று. மேகமே இல்லாத வானத்திலும் அவன் தொங்கிப் போனதால் அது ஒரு கிழமைகூட நிற்கவில்லை. மற்றது ஹெலிக் கொள்கை. அன்றைய போர் நாட்களில் எங்கள் தலைக்கு மேலே பறக்கக் கண்டது அதைத்தான் என்பதால் பிறந்தது. ஹெலிச் சத்தம் கேட்டால் ஆட்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள், அதில் போய் நூலை ஒட்டுவார்களா என்று கேட்டதும் கொள்கைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

இனி வரலாறு. உண்மைக் காரணம் காசு. தொடரைத் தொடங்கிய கிரான்ட்ரே-லோரன்ஸ் நிறுவனம் முதற் பருவத்தோடு வங்குரோத்து அடைந்தது. பிறகு ரால்ஃப் பாக்ஷி இன்னும் குறைந்த காசில் தொடர்ந்தார். கட்டடத்தையும் அதில் நூல் ஒட்டும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் பொருத்தி வரைவதென்றால் செலவு. ஒரே ஊஞ்சலாட்டத்தை ஒருதரம் வரைந்து, பின்னணியை மட்டும் மாற்றி, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டார்கள். சட்டையிலும் சிக்கனம்: சிலந்திவலைக் கோடுகள் முகமூடி, கையுறை, சப்பாத்து ஆகியவற்றோடு சரி, உடம்பில் இல்லை. நெஞ்சிலிருந்த சிலந்திக்கு ஆறே கால்கள். இரண்டு காலை மிச்சம் பிடித்த தயாரிப்பாளரை உலகம் வேறெங்கும் கண்டிருக்காது. உச்சம் எதுவென்றால், பாக்ஷியின் ஆட்கள் ‘ராக்கெட் ராபின் ஹூட்’ என்ற தங்கள் இன்னொரு கார்ட்டூனின் ஒரு பகுதியைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து, ராபின் ஹூட் நின்ற இடத்தில் ஸ்பைடர்மேனை நிறுத்தி, புதுக்கதை என்று விட்டார்கள். கம்பராமாயணத்தில் இராமனை எடுத்துவிட்டு வேறொருவனை வைத்தால் சபை சும்மா இருக்குமா? நாங்கள் இருந்தோம். நன்றாகவே இருந்தது.

காசுக் காரணத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன், பெத்தா இல்லாவிட்டால். அவர் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். ஒருநாள் பாக்கு இடித்துக்கொண்டே எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டிருந்துவிட்டு, “மனே, அவன் களரியச் சுத்தி வாறான். அதுக்கேன் இப்பிடி அடிபடுறீங்க?” என்றார். அன்று அது எங்களுக்கு ஏறவில்லை. பெரிய நூலகங்களில் தேடினாலும் இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது என்று இப்போது எழுதத் துணிகிறேன்.

எங்கள் பக்கத்துக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சுற்றிவரச் சனம். அரசன் வனத்துக்குப் போக வேண்டுமானால் களரியைச் சுற்றி ஆடி வருவான். வனம் வந்துவிடும். திரும்பி அரண்மனைக்குப் போகவும் அதே சுற்றுத்தான், அதே ஆட்டந்தான், அதே மத்தளந்தான். மரத்தை எங்கே காணோம் என்று எவரும் எழும்பிக் கேட்டதில்லை. அவன் கால் எதில் நிற்கிறது என்பதைவிட அவன் யார், எங்கே போகிறான் என்பது முக்கியம். ஸ்பைடர்மேனின் திரும்பத் திரும்ப வரும் ஊஞ்சலும் அந்தச் சுற்றுத்தான்.

தொடக்கப் பாட்டையும் இப்படியே பார்க்கலாம். போல் பிரான்சிஸ் வெப்ஸ்டர் எழுதி பொப் ஹரிஸ் இசையமைத்த அந்தப் பாட்டு, வீரன் இன்னான், அவன் வலிமை இத்தகையது என்று சபைக்கு அறிவிக்கிறது. கூத்தில் இதற்குப் பெயர் வரவு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் விடியவிடிய நீளத்தை வெட்டிச் சுருக்கி மேடையேற்றிக்கொண்டிருந்தார், சி. மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ அப்படி வந்தது. அதே பத்தாண்டில் கடலுக்கு அப்பால் ஒரு கூட்டம் படங்களை வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தது. இரு தரப்புக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. சொல்லவேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு 1992இல் பேட்மேன் கார்ட்டூன் வந்தது. பின்னணியைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள். ஒவ்வொரு கட்டடமும் நிழலோடு நின்றது. அழகில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. அண்ணாவும் உரை சொல்வதை விட்டுவிட்டார்.

மீன்பிடிகாரர் தரப்பு ஆட்சேபத்தையும் பதிவு செய்ய வேண்டும். வாவியில் வீச்சுவலை வீசுகிறவருக்கு ஸ்பைடர்மேனின் மணிக்கட்டு வேலை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவன் செய்தது பிடிக்கவில்லை. வீசிய வலையை இழுக்க வேண்டும், அலச வேண்டும், வெயிலில் காயவிட வேண்டும், கிழிசலைப் பொத்த வேண்டும். இவன் வீசுகிறான், தொங்குகிறான், விட்டுவிட்டுப் போகிறான். திரும்பியும் பார்ப்பதில்லை. “நூல் விலை தெரியாத பெடியன்” என்பது தீர்ப்பு. அவனுடைய நூல் ஒரு மணித்தியாலமளவில் தானாகக் கரைந்துவிடும் என்று சித்திரக்கதைகள் சமாதானம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். கரைகிற வலையை எந்த மடையன் வாங்குவான் என்று கேட்டார். வரைந்தவர்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் கணக்குப் பார்க்க, வரையப்பட்டவன் பாகம் பாகமாக வலையை வீணடித்தான் என்ற முரண் இத்தொடரில் தீராமலே இருக்கிறது.

கடைசியாக எழுந்தது ரொறன்ரோக் கொள்கை. ஸ்பைடர்மேனுக்குக் குரல் கொடுத்த போல் சோல்ஸ் கனடாக்காரர். குரல்கள் பதிவானதும் ரொறன்ரோவில்தான். எங்கள் சொந்தங்கள் குளிர்ச்சட்டையோடு போய் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊரிலிருந்து அவன் எங்கள் விறாந்தைக்குப் பேசிக்கொண்டிருந்தான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, இப்போது ஸ்காபரோவில் வசிக்கும் முன்னாள் உரையாசிரியர், நூலின் மறுமுனை சிஎன் கோபுரத்தில்தான் ஒட்டியிருந்தது என்று சாதிக்கிறார். 553 மீற்றர் கோபுரம், நியூயோர்க்கின் எந்த மாடியையும்விட உயரம் என்பது அவர் வாதம். கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது 1973இல், முடித்தது 1976இல், தொடர் 1970இலேயே முடிந்துவிட்டது என்று காலவரிசையோடு எழுதி அனுப்பினேன். குரல் அங்கிருந்து வந்ததை ஒப்புக்கொள்கிறாய், நூல் மட்டும் ஏன் வராது என்று பதில் போட்டிருக்கிறார். இது ஆய்வு முறையியலுக்கு முற்றிலும் முரணானது. அவர் ஓ.எல். சோதனையில் ஆங்கிலத்துக்கு எடுத்த பெறுபேற்றை அடுத்த கட்டுரையில் வெளியிட உத்தேசித்திருக்கிறேன்.