மெகாஹெர்ட்ஸ் புராணம்

1977-இல் டெக் நிறுவனம் வாக்ஸ் 11/780 என்ற கணினியை இறக்கியது. விநாடிக்குப் பத்து லட்சம் கட்டளை, அதாவது ஒரு மிப்ஸ் என்று ஊரே அதை அளவுகோலாக வைத்துக்கொண்டது. பிற்பாடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐந்து லட்சம்தான். அதனாலென்ன, ஐபிஎம்மின் ஒரு மிப்ஸ் இயந்திரத்துக்கு ஈடாக ஓடுகிறதே, போதாதா? அரையை ஒன்று என்று பட்டம் சூட்டி, அந்த ஒன்றால் உலகத்தையே அளந்தார்கள்.

அடுத்தது 486 சில்லுகளின் காலம். கணினிப் பெட்டியின் நெற்றியில் மெகாஹெர்ட்ஸ் வேகம் 33, 66 என்று எண்ணாக ஒளிரும். பக்கத்தில் டர்போ பொத்தான். அமுக்கினால் எண் எகிறும், வாங்க வந்தவர் பரவசமாவார். அந்த விளக்கு எதையும் அளக்கவில்லை! பின்னாலிருக்கும் ஜம்பர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் 99 என்றும் காட்டும். பெட்டியைப் பூட்டியவர் மனசு வைத்தால் சரி. பொத்தானின் நிஜப் பயனோ, பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடாதபடி வேகத்தைக் குறைப்பது.

1996-இல் சைரிக்ஸ் என்ற சில்லு நிறுவனம், தன் 150 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு 'பிஆர் 200+' என்று பெயரிட்டது. இன்டெலின் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சமமாம். கடிதம் தட்டச்சும் வரை சமம்தான். அதே வருடம் க்வேக் விளையாட்டு வந்து தசமக் கணக்குகளை அள்ளிக் கொட்ட, 200+ மூச்சு வாங்கியது.

2000 மார்ச் 6 அன்று இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸை, அதாவது ஆயிரம் மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலும். அவசரத்தில் இன்டெல் விட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் சில்லை ஆகஸ்டில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு பென்டியம் 4: நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறான் என்று எண்ணினார்களே தவிர, எட்டின் நீளத்தை யாரும் கேட்கவில்லை. 1.5 கிகாஹெர்ட்ஸ் புதியவன் சில வேலைகளில் ஒரு கிகாஹெர்ட்ஸ் அண்ணனிடமே தோற்றான்.

ஏஎம்டி 2001-இல் 1533 மெகாஹெர்ட்ஸ் அத்லான் சில்லுக்கு '1800+' என்று பெயர் வைத்தது. எதோடு ஒப்பிட்டு? எங்கள் பழைய அத்லானோடுதான் என்று சத்தியம் செய்தார்கள். கடையில் பக்கத்து அலமாரியில் 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 இருந்தது சுத்தத் தற்செயல்.

2004-இல் சூடு தாங்காமல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. தலைவர் கிரெய்க் பேரட் ஆர்லாண்டோவில் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார், விளையாட்டாகத்தான். அதற்குள் கிகாஹெர்ட்ஸும் பெயரிலிருந்து போய், பென்டியம் 4 560 என்றானது. 560 என்றால் என்ன? 550-க்கு மேல். அப்படியானால் பென்டியம் எம் 755 இன்னும் மேலா? அது வேறு வரிசை, அதோடு ஒப்பிடக் கூடாது.