பூப்பெயர் வைத்த எஞ்சின்

கேள்வி: ஈப்போவில் அந்தக் கால டீசல் எஞ்சின்களைக் காணோமே, எங்கே போயின?
(தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வீட்டுக்குக் கரண்டு வந்ததும் மண்ணெண்ணெய் விளக்கு எங்கே போனதோ, அங்கே!

மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல் மலாயா ரயில்வேக்கு 'இங்கிலீஷ் எலெக்ட்ரிக்' நிறுவனத்தின் 26 டீசல்கள் வந்தன. ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன். நீராவி எஞ்சின்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டியவர்கள், இந்த முரடர்களுக்கு வைத்ததோ பூப்பெயர். அதில் ஒன்று 'புங்கா ராயா', அதாவது செம்பருத்தி! கக்கிய கரும்புகையில் மட்டும் பூவாசம் இல்லை. அது நின்று உறுமினாலே பிளாட்பாரப் பெஞ்சு அதிரும். கோப்பித் தம்ளருக்குள் வளையம் வளையமாய் அலை எழும்.

2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கு மின்சார இ.டி.எஸ். பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. கோப்பி இப்போது அசைவதில்லை.

வாசகர் மனம் தளர வேண்டாம். சரக்கு வண்டிகளை இழுக்க டீசல் இன்னமும் அதே தடத்தில் வருகிறது. பெஞ்சில் சற்றுக் காத்திருக்கட்டும்.