ஏ.சி.பி.க்கு ஒரு கல்வெட்டு

"ஏ.சி.பி. போயிட்டாராம்டா!" செங்கல்பட்டிலிருந்து அத்தை போன். யாரோ சொந்தக்காரர் என்று பதறிப்போனேன். விசாரித்தால், 'சி.ஐ.டி.' தொடரின் பிரத்யுமன்.

1998-இல் சோனி டி.வி.யில் விரலைச் சுழற்றிச் சுழற்றி யோசிக்கத் தொடங்கிய மனிதர். 2025 ஏப்ரலில் குண்டு வைத்துக் கதையை முடித்தார்கள். சேனலே '1998–2025' என்று அஞ்சலிப் படமும் போட்டது. அந்த வேஷம் கட்டிய சிவாஜி சாட்டம் சௌக்கியமாகத்தான் இருந்தார்; துக்கமெல்லாம் அத்தைக்கு.

அந்த வாரம் மாமல்லபுரம் போயிருந்தேன். தெரிந்த சிற்பியிடம், "இவருக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு வெட்ட எவ்வளவு ஆகும்?" என்று சும்மா கேட்டேன். தட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "அவசரப்படாதீங்க சார். கருங்கல்லு. வெட்டிட்டா அழிக்க முடியாது."

கெட்டிக்காரர். சில வாரங்களில் ஏ.சி.பி. திரும்பி வந்துவிட்டார். அதே தொடரில் கதவுகளை உடைத்தே பேர் வாங்கிய தயா, எமலோகத்துக் கதவையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது! 1893-இல் அருவியில் தள்ளிய ஷெர்லாக் ஹோம்ஸை உயிரோடு கரையேற்ற கானன் டாயிலுக்குப் பத்து வருஷம் பிடித்தது. பாவம், அவருக்கு டி.ஆர்.பி. கிடையாது.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் இருக்கும் பூனையைப் பாருங்கள். கையைத் தூக்கித் தபசு செய்கிறது. எலிகள் நம்பிக் கும்பிடுகின்றன. ஆயிரத்து முந்நூறு வருஷத் தொடர். இன்னும் முடியவில்லை.