எடிட்டர் பதில்கள்

ஒரகடம் கம்பெனியில் புரோகிராமராக இருக்கும் பையன், பாதி நாளை எடிட்டருக்குக் கலர் மாற்றுவதிலேயே கழிக்கிறானாம். பெண் கொடுக்கலாமா?
– சுங்குவார்சத்திரம் வாசகர்

எந்த எடிட்டர் என்று விசாரித்தீர்களா? 'விம்' என்றால் யோசிக்காமல் கொடுங்கள், லேசில் விட்டுப்போக மாட்டான். அதிலிருந்து வெளியே வருவது எப்படி என்ற கேள்வியை 2017-க்குள்ளேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். (எஸ்கேப், கோலன், க்யூ, என்டர். அவ்வளவுதான்!)

1991-ல் விம்மை வெளியிட்ட பிராம் மோலெனார் அதற்கு விலை வைக்கவில்லை. உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆட்டோமேஷன் வேலைக்குச் சேர்ந்த தம்பி, லேப்டாப்பில் லினக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நடக்குமா?
– ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

அவனைவிட அடம்பிடிப்பது ஆலையில் இருக்கிறது. அங்கே இயந்திரங்களை இயக்கும் சீமென்ஸ் பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் டி.ஐ.ஏ. போர்ட்டல், விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸுக்குள் வர்ச்சுவல் மெஷின் போட்டு விண்டோஸை உள்வாடகைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருக்கட்டும். வி17-ல் சேமித்த புராஜெக்டை வி16 திறக்காது. லைனுக்கு ஒரு வெர்ஷன் இருந்தால் அத்தனையும் குடியேறும்.